இரண்டடிக் கடலுக்கு ஒரு பவளம்

அந்த ஞாயிறு காலையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் கதிரைகள் எல்லாம் சும்மா கிடந்தன. மனிதர்கள் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

கடலுயிர்களைப் பாதுகாக்கும் பிரிவிலிருந்து வந்த உத்தியோகத்தர்கள் இரண்டு பேர் மீன் தொட்டிக்கு முன்னால் நின்றார்கள். என் தம்பி தவம், ஒரு கால் வாசலுக்கு வெளியேயும் ஒரு கால் உள்ளேயுமாக நின்றான். இவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றார். விசிறி ஓடவில்லை. ஓடாத விசிறியில் அவ்வளவு நேரம் பார்ப்பதற்கு என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நான் தேநீர்த் தட்டோடு நின்றேன். ஒருவரும் எடுக்கவில்லை.

“இந்தப் பவளம் யார் எடுத்தது?” என்று மூத்த உத்தியோகத்தர் கேட்டார். சிங்களவர். தமிழை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசுகிறவர்.

தொட்டிக்குள் நீல வெளிச்சத்தில் அது ஆடிக்கொண்டிருந்தது. ஊதாவும் பச்சையுமாக, விரல் விரலாக. அதைச் சுற்றி இரண்டு கோமாளி மீன்கள் ஒன்றும் தெரியாத பிள்ளைகள் போலத் திரிந்தன.

தம்பி இவரைப் பார்த்தான். இவர் விசிறியைப் பார்த்தார்.

இவர் என்றால்

இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு இவரைத் தெரியும். இந்த வாரம்தான் பத்திரிகையைக் கையில் எடுத்தவர்களுக்காகச் சொல்கிறேன்: இவர் என்றால் என் கணவர். புத்தளத்தில் ஒரு கந்தோரில் உத்தியோகம். காலையில் எங்கள் ஊர் உடப்பிலிருந்து பஸ் ஏறுவார், மாலையில் வந்து இறங்குவார். இடையில் நாட்டின் நிர்வாகம் நடப்பதாகச் சொல்வார்.

பிறந்தது முன்னேஸ்வரம் பக்கம். என்னைக் கட்டி உடப்புக்கு வந்து இத்தனை வருடத்தில் கடலில் கணுக்கால் நனைத்ததைக் கண்டவர் யாரும் இல்லை. எங்கள் வீட்டுப் படலையைத் திறந்தால் கடல் தெரியும். இவர் அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்தி வைப்பார். உப்புக் காற்றில் ரீவி பழுதாகிவிடுமாம்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் சிலாபத்துக்குத் தம் பெரியவரின் வீட்டுக்குப் போய் வந்தார். பெரியவர் என்றால் கந்தோரில் இவருக்கு மேலே இருப்பவர். அவருடைய கூடத்தில், கண்ணாடி அலுமாரிக்குப் பக்கத்தில், உப்புத் தண்ணீர்த் தொட்டி ஒன்று இருந்ததாம். உள்ளே உயிருள்ள பவளங்கள். அவை எங்கிருந்து வந்தன என்று இவர் கேட்கவில்லை. பெரியவர்களின் கூடத்தில் இருக்கும் சாமான்களைப் பற்றி அப்படிக் கேட்பது மரியாதை இல்லை.

அடுத்த கிழமையே எங்கள் வீட்டுக்கு இரண்டடி நீளத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி வந்தது. படலைக்கு வெளியே ஒரு முழுக் கடல் கிடக்க, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு எங்கள் வீட்டில் இரண்டடிக் கடல் குடியேறியது.

உப்பளத்துக்கு ஒரு கிளை

தண்ணீர் கொண்டு வந்தவன் தம்பி. மீன் கொண்டு வந்தவனும் தம்பி. கல், மணல், மோட்டார் பூட்டியது எல்லாம் தம்பி. இவர் கதிரையில் இருந்து, “அதைக் கொஞ்சம் இடப் பக்கமா வை மச்சான்” என்று கடலை உருவாக்கினார்.

தவம் சுழியோடி. கற்பிட்டிப் பக்கம் ஆழத்தில் இறங்கி அலங்கார மீன் பிடிக்கிறவன். அதற்கு அவனிடம் முறையான அனுமதி இருக்கிறது. அவனுக்கு மனைவியும் இரண்டு சின்னப் பிள்ளைகளும் உண்டு. அந்த அனுமதி இருக்கும்வரைதான் படகுச் சொந்தக்காரர் அவனை ஏற்றுவார். அது போனால், அடுத்தவனின் கரைவலையை இழுக்கும் கூட்டத்தில் கடைசி ஆளாகப் போய் நிற்க வேண்டும்.

தொட்டித் தண்ணீர் வெயிலுக்குக் குறையும். குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர் விட வேண்டும். ஆவியாகப் போவது தண்ணீர்தான். உப்பு உள்ளேயே இருக்கும். இவர் ஒவ்வொரு தடவையும் கடல் தண்ணீரையே வாளியில் எடுப்பித்து ஊற்றினார். “கடல் மீனுக்குக் கிணத்துத் தண்ணியா?” என்று என்னிடம் கேட்டார். மாதம் ஒன்று போவதற்குள் கண்ணாடி விளிம்பெல்லாம் வெள்ளை பூத்தது. புத்தளம் உப்பளம் எங்கள் கூடத்தில் ஒரு கிளை திறந்திருந்தது. முதலில் வந்த மீன்கள் இரண்டும் கருவாடாவதற்கு அரை வழி போய் மிதந்தன.

தம்பி அவற்றை அள்ளி எறிந்தான். புதிதாக இரண்டு மீன் கொண்டு வந்து விட்டான். அவன் போன பிறகு நான் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி, இவர் கந்தோருக்குப் போன நேரம் பார்த்து ஊற்றத் தொடங்கினேன். மீன்கள் பிழைத்தன. இவர் தம் கைராசியைப் பற்றி ஊரெல்லாம் சொன்னார்.

சைவப் பவளம்

ஆடி மாதம் அம்மன் கோயில் கொடி ஏறினால் எங்கள் வீட்டில் மீன் சட்டி பரணுக்குப் போகும். கறியில் மட்டும் இல்லை, குளிரூட்டியிலும் மீன், இறால் ஒன்றும் இருக்கக் கூடாது. தம்பி வருடா வருடம் தீ மிதிக்கிறவன். அவன் விரதம் இன்னும் கடுமை.

தொட்டி வந்த வருடம் இதில் ஒரு சிக்கல். கோமாளி மீன்களுக்குக் கொடுத்தது இறாலை நசுக்கித்தான். கடையில் விற்கும் காய்ந்த தீனியை அவை திரும்பியும் பார்க்கவில்லை. இவர் பருப்பை அவித்து மசித்துப் போட்டார். மீன்கள் வாயில் எடுத்துத் துப்பின. கீரை போட்டார். அதுவும் வெளியே வந்தது. மூன்றாம் நாள் தொட்டி, கல்யாண வீட்டுப் பின்வளவு மாதிரி மணத்தது.

பிறகு எப்படியோ மீன்கள் தெம்பாகிவிட்டன. காரணத்தை நான் ஒரு பின்னேரம் கண்டேன். மதிலுக்கு அந்தப் பக்கத்தில் தம்பி குந்தியிருந்து இறால் தோல் உரித்துக்கொண்டிருந்தான். தீ மிதிக்க விரதம் இருக்கிறவன்.

“என்னடா செய்றாய்?”

“அத்தான் சரியாக் கவலைப்படுறார் அக்கா. மீன் செத்திருமாம். நான் இதை அங்கால வச்சு அரைச்சுத் தந்துட்டு, போய்த் தலை முழுகிட்டு வாறன். அம்மனுக்கு விளங்கும்.”

அம்மனுக்கு விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கடலிலேயே கொட்டியிருப்பேன்.

அந்தக் கொடி இறங்குவதற்குள்தான் பவளப் பேச்சு வந்தது. இவர் யூடியூப்பில் ஒரு காணொளி பார்த்துவிட்டு அடுக்களைக்கு ஓடி வந்தார்.

“இஞ்ச பார், பவளம் வெளிச்சத்தைத்தான் சாப்பிடுமாம். உடம்புக்குள்ளயே பாசி மாதிரி ஒண்டு இருக்காம். அது சமைச்சுக் குடுக்குமாம். சுத்த சைவம்! விரத வீட்டுக்கு இதைவிட என்ன வேணும்?”

இவர் எந்தக் காணொளியையும் பாதிக்கு மேல் பார்க்கிறவர் இல்லை. மீதியை நான் பார்த்தேன். பவளம் இரவானால் பூப்போல விரிந்து, பக்கத்தில் வரும் சிறு உயிர்களைக் கொட்டிப் பிடித்துத் தின்னும் என்று அதில் இருந்தது. பகலில் சைவம், இரவில் அசைவம். எங்கள் ஊரிலும் விரத காலத்தில் அப்படிச் சிலர் உண்டு. பெயர் சொல்ல மாட்டேன்.

வைப்பதா, வேண்டாமா

இதற்குப் பிறகு எங்கள் வீட்டில் வேறு கதை இல்லை. சோறு வைத்தால் பவளம். துணி காயப் போட்டால் பவளம்.

வேண்டாம் என்பதற்குக் காரணங்கள் நான் சொன்னேன். சின்னத் தொட்டியில் தண்ணீர் கெதியில் சூடாகும். பவளம் சூடு தாங்காது. கடலிலேயே வெப்பம் கூடி, பவளம் வளரும் முருகைக்கல் எல்லாம் வெளுத்துக் கிடப்பதாகத் தம்பி வந்து சொல்கிறான். நம் தகரக் கூரைக்குக் கீழே என்ன நடக்கும்? கரண்ட் போனால் மோட்டார் நிற்கும். மணிக்கணக்காகக் கரண்ட் வெட்டிய காலத்தில் நாம் கோப்பையால் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றியது மறந்துவிட்டதா? எல்லாவற்றுக்கும் மேலே, உயிர்ப் பவளத்தைக் கடலிலிருந்து எடுப்பது சட்டப்படி குற்றம்.

இவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். கடைசிக் காரணத்துக்கு மட்டும் சிரித்தார்.

“ஒரு துண்டு எடுத்தாக் கடல் வத்திப் போகுமா?”

“கடல் வத்தாது. தம்பிட பிழைப்புத்தான் வத்தும்.”

“நான் அவனை எடு எண்டு சொன்னனா?”

உண்மைதான். சொல்லவில்லை. தம்பி வரும்போதெல்லாம் தொட்டியைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். “பெரியவர் வீட்டுத் தொட்டியைப் பார்க்கணும் மச்சான். அதுக்கு முன்னால இது வெறும் சாடி” என்பார். “ஒரு சின்னத் துண்டு இருந்தாலே போதும்... சரி, விடு, எல்லாருக்கும் எல்லாம் கிடைக்குமா?” என்பார். கந்தோர்காரர்களுக்கு நேராகக் கேட்கும் பழக்கம் இல்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளை வாசலில் வந்து நிற்க, பெண்ணின் தம்பி குனிந்து அவர் காலைக் கழுவுவான். மாப்பிள்ளை அவன் விரலில் மோதிரம் போடுவார். அத்தோடு சடங்கு முடிந்தது. என் தம்பிக்கு மட்டும் அது முடியவில்லை. அன்றைக்குக் குனிந்தவன் நிமிராமல் அந்தக் காலை இன்னும் கழுவிக்கொண்டிருக்கிறான். மோதிரம் கறுத்துவிட்டது.

ஒருநாள் அடுக்களை வாசலுக்கு வந்து நின்றான்.

“அக்கா, நீங்க வேணாமெண்டு சொல்லுங்க. அத்தான் கேட்டா எனக்கு இல்லையெண்டு சொல்ல ஏலாது. ரோட்டில எங்கட பெட்டியெல்லாம் திறந்து பார்க்கிறாங்க. பிடிபட்டா எல்லாம் முடிஞ்சிரும்.”

அவன் குரலில் பயம் இருந்தது. ஆழ்கடலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறவனுக்கு எங்கள் கூடத்தில் இருந்த கதிரைக்காரரிடம் ஒரு ‘இல்லை’ சொல்லப் பயம்.

அன்று மாலை நான் சொன்னேன். இந்த வீட்டுக்குள் உயிர்ப் பவளம் வந்தால் நான் அம்மா வீட்டுக்குப் போவேன் என்றேன். அம்மா வீடு ஒழுங்கைக்கு அந்தப் பக்கம்தான். ஆனாலும் சமையல் என்னோடு போய்விடும் என்பது இவருக்கு விளங்கியது. பவளம் இல்லை என்று முடிவானது.

கொழும்புப் பெட்டி

இவர் இரண்டு கிழமை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு ஒருநாள் நான் வேலை செய்யும் தபால் கந்தோருக்கே கொழும்பிலிருந்து இவர் பெயரில் ஒரு பெட்டி வந்தது. வீட்டில் உடைத்தால் உள்ளே பவளம். ஊதாவும் பச்சையும். சிலிக்கன். ரப்பர் மாதிரி, பிழிந்தால் பிழிபடும், விட்டால் நிமிரும்.

தம்பிதான் அதைத் தொட்டிக்குள் நாட்டினான். நாட்டிவிட்டு அடுக்களைக்கு வந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். நானும் சிரித்தேன். ஒரு கவலை விட்டது என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நாளில் அதன் மேல் பாசி பிடித்தது. நீல விளக்கும் போட்ட பிறகு, உண்மையைச் சொல்கிறேன், அழகாகத்தான் இருந்தது. கோமாளி மீன்களும் அதையே வீடாக்கிக்கொண்டன.

பெரியவர் மனைவியோடு ஒரு விடுமுறை நாளில் சாப்பிட வந்தார். வந்தவர் தொட்டிக்கு முன்னால் குனிந்து நின்றுவிட்டார்.

“அடேயப்பா, என்ட தொட்டியில கூட இப்பிடி விரியலையே. எங்க எடுத்தது?”

ஒரு சொல். ‘பிளாஸ்டிக்’ என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் எல்லோரும் சிரித்துவிட்டுச் சாப்பிடப் போயிருப்போம்.

“எங்கட கடல்தான் சேர்” என்றார் இவர். “என்ட மச்சான் சுழியோடி. எனக்கெண்டு பார்த்து எடுத்துத் தந்தான்.”

என் கையில் தோடம்பழச் சாறு. நான் இருமினேன். இவர் எனக்குத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்.

பெரியவர் போனில் படம் எடுத்தார். எடுத்ததைப் பேஸ்புக்கில் போட்டார். சுழியோடி மச்சான் ஆழ்கடலில் எடுத்துத் தந்த பவளம் என்று, இவர் பெயர் ஊர் எல்லாம் வைத்து, பாராட்டி எழுதினார். தம்பியின் படகுச் சொந்தக்காரருக்கும் அந்தப் படம் போனது. யாருக்கெல்லாம் போகக் கூடாதோ அவர்களுக்கும் போனது.

நான்தான் எடுத்தன்

அப்படித்தான் அந்த ஞாயிறு வந்தது. அந்த உத்தியோகத்தர்கள் பெரியவரின் கூடத்துக்கும் போனார்களா என்று எனக்குத் தெரியாது. எங்கள் கூடத்துக்கு வந்தார்கள். தம்பியை வீட்டிலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள்.

“யார் எடுத்தது?” இரண்டாம் தடவையும் கேட்டார் மூத்தவர். “படத்தில மச்சான் எண்டு போட்டிருக்கு. மச்சான் நீங்கதானே?”

நான் தட்டை வைத்துவிட்டு இவரைப் பார்த்தேன். இவர் வாயிலிருந்து வரட்டும் என்று பொறுத்தேன். பெரியவர் காதுக்கு எட்டினால் வெட்கம் என்று யோசித்திருப்பார். இருக்கட்டும், வெட்கத்தால் யாரும் பட்டினி கிடப்பதில்லை. தம்பியின் வீட்டில் அடுப்பு எரிவது இந்த ஒரு வார்த்தையில் இருந்தது. இவர் தொண்டையைச் செருமினார்.

“சேர், நாங்க வெளியில நிண்டு கொஞ்சம் கதைப்பமா?”

அப்போதுதான் தம்பி வாசலுக்கு வெளியே இருந்த காலையும் உள்ளே எடுத்து வைத்தான்.

“நான்தான் எடுத்தன் சேர். அத்தானுக்கு ஒண்டும் தெரியாது.”

தன் கையால் நாட்டிய சிலிக்கன் துண்டைக் கடலில் முக்குளித்துத் திருடியதாக ஒரு மனிதன் ஒப்புக்கொண்டான். இலங்கையில் இந்தக் குற்றத்தை ஒப்புக்கொண்டவன் என் தம்பி ஒருவனாகத்தான் இருப்பான். இளைய உத்தியோகத்தர் பேனையைத் திறந்தார்.

இவர் வாயைத் திறக்கவில்லை. அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. இதை எழுதும்போதும் முடியவில்லை.

நான் போய்த் தொட்டிக்குள் கையை விட்டேன்.

“மிஸ், தொட வேணாம், சிலது சுடும்” என்றார் இளையவர்.

“இது சுடாது” என்று பிடுங்கி எடுத்தேன். கை தோள்வரை நனைந்தது. கோமாளி மீன்கள் என் விரலைக் கொத்தின. அவர்கள் கண் முன்னால் அதை இரண்டு கையாலும் பிழிந்தேன். தரையெல்லாம் தண்ணீர். விட்டதும் அது பழையபடி நிமிர்ந்து நின்றது. மூத்தவரின் கையில் வைத்தேன்.

அவர் புரட்டிப் பார்த்தார். தானும் ஒரு தடவை பிழிந்தார். இளையவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மூத்தவர் சிரிக்கவில்லை. தம்பியைத்தான் பார்த்தார்.

“ஏன் தம்பி பொய் சொன்ன? இது எழுதினா உங்கட லைசன் போறதுதானே.”

தம்பி தரையில் கிடந்த தண்ணீரைக் காலால் துடைத்தான்.

மூத்தவர் அதைத் தொட்டி விளிம்பில் வைத்தார். பிறகு, “எனக்கும் அக்கா இருக்கு” என்றார். “அக்காட மாப்பிள்ளையும் இருக்கு.”

ஆறிப்போன தேநீரை எடுத்து ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போனார்.

முடிவு எடுத்தவர்

அதன் பிறகு என்னோடு கோபித்துக்கொண்டவன் தம்பி. “வெளி ஆக்களுக்கு முன்னால அத்தான்ட முகத்தைப் பார்த்தீங்களா அக்கா? செத்துப் போச்சு” என்றான். பல நாள் எங்கள் படலையைத் தாண்டி நேரே போனான்.

இவர் கொஞ்ச நாள் பஸ்ஸில் பின் ஆசனத்தில் போய் வந்தார். பிறகு மெல்ல மெல்ல ஒரு புது மனிதரானார். “யோசிச்சுப் பார்த்தன், நான் பவளம் வைக்கிறதில்லை எண்டு முடிவெடுத்திட்டன்” என்று பஸ்ஸில் சொல்ல ஆரம்பித்தார். அது பரவி, போன மாதம் ஊர்ச் சங்கத்தில் கடல்வளம் பற்றிப் பேச இவரையே கூப்பிட்டார்கள்.

நானும் போனேன். நன்றாகத்தான் பேசினார். முருகைக்கல் வெளுப்பதைப் பற்றி, சின்னத் தொட்டியில் அது ஏன் வாழாது என்பதைப் பற்றி, நான் சோறு போட்டபடி சொன்னதை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். கடைசியில் குரலைத் தாழ்த்தினார்.

“எனக்கும் ஆசை காட்டினார்கள். சொந்த மச்சானே, எடுத்துத் தருகிறேன் அத்தான் என்று வந்து நின்றான். நான்தான் வேண்டாம் என்றேன். கடல் நம் வீட்டுச் சொத்தா என்று கேட்டேன்.”

சபை கை தட்டியது. முன்வரிசையில் இருந்த தம்பிதான் எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டினான். படகுச் சொந்தக்காரர் இரண்டு கதிரை தள்ளி இருந்து, தட்டுகிற அவனை ஒரு மாதிரிப் பார்த்தார். அவன் அதைக் காணவில்லை. திரும்பி என்னைப் பார்த்து, “அத்தான் நல்லாக் கதைச்சார், என்ன அக்கா?” என்றான். எனக்கு அழுகை வந்தது. அவன் இரண்டு கைகளையும் பிடித்து இறக்கிவிட வேண்டும் போலிருந்தது.

கூட்டம் முடிந்த கிழமையிலிருந்து அவன் படகிலிருந்து இறங்கும்போது, அவன் பெட்டியை மட்டும் படகுச் சொந்தக்காரர் திறந்து பார்க்கிறார். அதையும் அவன் சிரித்துக்கொண்டுதான் என்னிடம் சொன்னான்.

ஆகவே இந்த வாரம் இதை எழுதுகிறேன். என் தம்பி பவளம் எடுக்கவில்லை. எடுத்துத் தருகிறேன் என்று ஒருநாளும் சொல்லவில்லை. ஆசைப்பட்டவர் இவர், பொய் சொன்னவர் இவர். வீட்டில் இதைச் சொன்னால் தம்பியே ஓடி வந்து என் வாயைப் பொத்துவான். அதனால்தான் அச்சில் சொல்கிறேன். இத்தனை பிரதியையும் பொத்த அவனுக்குக் கை போதாது.